அலமாரியில் இருக்கு, கையில் இல்லை: கிளினிக்கின் தொற்றுத் தடுப்புச் சாமான்களில் கோளாறு கண்டுபிடிப்பது

சின்ன கிளினிக்கில் தொற்றுத் தடுப்புச் சாமான் என்று எண்ணினால் இருபது உருப்படி தேறாது. கிளவுஸ், மாஸ்க், ஹேண்ட் ரப் (கைக்குப் போடும் சானிடைசர்), சோப்பு, ஸ்பிரிட், பஞ்சு, பீட்டாடின், ஹைப்போ (கிருமி கொல்லும் பிளீச் திரவம்), ஊசி டப்பா, கழிவுக்கான நிறப் பைகள், ஆட்டோகிளேவுக்கான (நீராவியில் கிருமி நீக்கும் பாத்திரம்) டேப்பும் துணியும். ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனாலும் இதில் ஏதாவது ஒன்று இல்லையென்று தினம் ஒரு சத்தம் எழும். உடனே கடைக்குப் போன் போகும்: "அண்ணாச்சி, ரெண்டு பெட்டி கூடப் போட்டு விடுங்க." வயிற்றுவலி என்று வந்த எல்லாருக்கும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுப்பது மாதிரிதான் இது.

நான் பாளையங்கோட்டையில் ஸ்டோர் பொறுப்பில் இருந்துவிட்டு, இப்போது அம்பாசமுத்திரம், முக்கூடல், வள்ளியூர் பக்கம் சில கிளினிக்குகளுக்குச் சாமான் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். முக்கூடலில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கே பீடி சுற்றும் பெண்களுக்கு இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுத்து, பீடியை எண்ணி வாங்குவார்கள். இவ்வளவு இலைக்கு இவ்வளவு பீடி என்று ஒரு கணக்கு உண்டு. கிளினிக்கில் அந்தக் கணக்கே இல்லை. அலமாரியில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று எண்ணுகிறோமே தவிர, வந்துபோன நோயாளிகளுக்கு எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்று ஒத்துப்பார்ப்பதில்லை. கூடச் செலவானாலும் கேள்வி வர வேண்டும், குறையச் செலவானாலும் வர வேண்டும். ஆகவே கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் முதலில் ஓ.பி. நோட்டை, அதாவது வந்துபோன நோயாளிகளின் பதிவை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிச் சாவி அப்புறம்.

"கிளவுஸ் எப்பப் பார்த்தாலும் தீர்ந்துபோகுது"

எந்த நாளில் தீர்கிறது என்று பாருங்கள்.

மாதக் கடைசியில் தீர்ந்தால், "போன மாசம் வாங்கினதே போதும்" என்ற பழக்கத்தில் வாங்குகிறீர்கள். பழக்கத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் போதும். நாளுக்கு 60 பேர் வருகிறார்கள், அதில் ரத்தம் எடுப்பது, புண் கட்டுவது, தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்து 20 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு ஜோடி, நாளுக்கு 40 கிளவுஸ். நூறு இருக்கிற பெட்டி இரண்டரை நாள் வரும். திருநெல்வேலியில் சொல்லி, பஸ்ஸில் பார்சல் ஏறி, உங்கள் ஊரில் இறங்க 4 நாள் ஆகிறதென்றால் அந்த 4 நாளும், கைக்காவலுக்கு ஒரு 3 நாளும் சேர்த்து 7 நாள். ஏழு நாற்பது 280. அதாவது மூன்று பெட்டி மிச்சம் இருக்கும்போதே போன் போட்டுவிட வேண்டும். கடைசிப் பெட்டியை உடைக்கும்போது இல்லை. அந்த மூன்றாவது பெட்டியின் மேல் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வையுங்கள். நூலை அவிழ்க்கிறவர் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கம்ப்யூட்டரில் போட்ட எச்சரிக்கையை விட இந்த நூல் நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமையில் தீர்ந்தால், சனிக்கிழமை சாயங்காலம் யாரும் பெட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. வேறு மர்மம் கிடையாது.

திருவிழாவை ஒட்டித் தீர்ந்தால் உங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தை ஸ்டாக் நோட்டில் ஏற்றவில்லை. ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டம் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் வழியாகத்தான் போக வேண்டும். காலில் ஆணி குத்தினவர், கல் தட்டினவர், வாந்திபேதி என்று வருகிறவர் எல்லாம் அந்தப் பாதையில் இருக்கிற கிளினிக்கில்தான் ஏறுவார்கள். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில், ஆனித் தேருக்குத் திருநெல்வேலி டவுன், சாரல் காலத்தில் குற்றாலமும் தென்காசியும். தீபாவளி, பொங்கலுக்கு வேறு விதம்: நோயாளி குறைவாகத்தான் வருவார்கள், ஆனால் பார்சலும் வராது. மேலே சொன்ன 4 நாளை அந்த வாரம் 8 என்று போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் தீர்ந்தால் அரை நாள் ஒரு ஸ்டூலைப் போட்டு மூலையில் உட்கார்ந்து பாருங்கள். கிளவுஸ் போட்ட கை எங்கெல்லாம் போகிறது? பில் எழுதுகிறது, போனை எடுக்கிறது, பி.பி. பார்க்கிறது. பி.பி. பார்க்கக் கிளவுஸ் வேண்டாம். தசையில் போடுகிற சாதாரண ஊசிக்குக்கூட, போடுகிறவர் கையில் வெட்டுக்காயம் இல்லாமலும் நோயாளியின் தோலில் புண் இல்லாமலும் இருந்தால், கிளவுஸ் கட்டாயமில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சுத்தமான கை போதும். ரத்தம் எடுக்கவும், ஐ.வி. போடவும், புண்ணைத் தொடவும் கட்டாயம் வேண்டும்.

இதைவிட மோசமானது தலைகீழான நிலைமை. நோட்டில் நாளுக்கு இருபது டிரெஸ்ஸிங், ஆனால் ஒரு பெட்டி பத்து நாள் வருகிறது. சிக்கனம் என்று பாராட்டிவிடாதீர்கள். ஒரே ஜோடி நாலு பேருக்குப் போகிறது, இடையில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்பிரிட் பட்ட கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். ஒரு நோயாளியின் சீழ் அடுத்தவருக்குப் போவதோடு, போட்டவர் கைக்கும் காவல் இல்லை.

"ஹேண்ட் ரப்பா? நிறைய இருக்கே!"

இதை ஒரு கோளாறு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை ஆபத்தான அறிகுறிகளில் முதலாவதாக வைப்பேன்.

பெருக்கிப் பாருங்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒரு தரம், தொட்ட பின் ஒரு தரம். ஒரு தரத்துக்கு உள்ளங்கை நிறைய, சுமார் 3 மி.லி. அறுபது பேருக்கு 360 மி.லி. ஒருவருக்குப் பின்னும் அடுத்தவருக்கு முன்னும் ஒரே தரமாகிவிடும் என்று பாதியாகக் குறைத்தாலும் 180. அரை லிட்டர் பாட்டில் மூன்று நாள்கூட நிற்கக் கூடாது. மேசையில் ஒரே பாட்டில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது.

ஏன் கை போகவில்லை என்று பாருங்கள். பாட்டில் டாக்டரின் இடது கைப் பக்கம், பேனா ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும். அல்லது பம்ப் அடைத்துக்கொண்டு பக்கவாட்டில் பீய்ச்சும்; ஒரு தடவை சட்டையில் பட்டால் யாரும் மறுபடி தொட மாட்டார்கள். அல்லது கிளிசரின் அதிகமான சரக்கு, கை பிசுபிசு என்று ஒட்டும். அல்லது கை வெடித்துப்போய், போட்டால் எரியும். ஒரு கிளினிக்கில் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்து, நோயாளி உட்காரும் ஸ்டூலுக்கு நேர் மேலே சுவரில் மாட்டினோம். சரக்கு அதேதான். அடுத்த வாரம் சிஸ்டர் சொன்னாங்க, "இப்ப தீர்ந்துகிட்டே இருக்குல்லா, செலவு கூடிட்டுன்னு டாக்டர் கேப்பாவளோ?" கேட்கட்டும். கூட வேண்டிய செலவு அது.

பாட்டில் தீர்ந்த பிறகு பெரிய கேனிலிருந்து மேலாக நிரப்புவது இன்னொரு கோளாறு. பழைய பாட்டிலின் அடியில் என்ன ஒட்டிக்கொண்டிருந்ததோ அதன் மேலேயே புதுசு. உலக சுகாதார நிறுவனத்தின் சமையல் குறிப்பில் எத்தனால் 80 சதவீதத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125 சதவீதம் சேர்க்கச் சொல்கிறார்கள். அந்தப் பெராக்சைடு கைக்காக இல்லை. பாட்டிலிலும் திரவத்திலும் ஒளிந்திருக்கும் கிருமி வித்துகளைக் கொல்லத்தான். ஆல்கஹாலுக்கு வித்துகள் சாகாது. பாட்டிலைக் கழுவி, முழுக்கக் காயவைத்துத்தான் நிரப்ப வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் ஆல்கஹால் நீர்த்துப்போகும்.

கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தாலும், வாந்திபேதி நோயாளியைப் பார்த்தாலும் ஹேண்ட் ரப் போதாது. சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. கழுவின கையை வாஷ்பேசின் பக்கம் தொங்கும் அந்தப் பொதுத் துண்டில் துடைத்தால் கழுவியதே வீண். டிஷ்யூ கட்டுப்படியாகாது என்றால் கைக்குட்டை அளவில் இருபது முப்பது துணி வெட்டி, ஒரு தரம் துடைத்ததும் கூடையில் போட்டு, தினமும் துவைத்துக் காயப்போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

"போடும்போதே கிழியுது"

எல்லா சைஸும் கிழிகிறதா, ஒரு சைஸ் மட்டுமா? ஒரு சைஸ் என்றால் கைக்குத் தக்கது வாங்கவில்லை. பெரிய கை உள்ள கம்பவுண்டருக்கும் மீடியம், சின்னக் கை சிஸ்டருக்கும் மீடியம் என்று மொத்தமாக வாங்கியிருப்பார்கள்.

எல்லாமே கிழிந்தால் பெட்டி எங்கே இருந்தது என்று பாருங்கள். லேட்டக்ஸ் என்பது ரப்பர் பால்தான். வெயிலும் சூடும் அதைக் கொல்லும். சித்திரை மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ் மேல்தட்டில் வைத்தால், வாங்கும்போது நன்றாக இருந்த கிளவுஸ் வைகாசியில் வாழைச்சருகு மாதிரி ஆகிவிடும். ஓடுகிற மோட்டார், இன்வெர்ட்டர் பக்கத்திலும் வைக்கக் கூடாது. மின்பொறியிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். சிரித்துவிடாதீர்கள். கை வெடிப்புக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டு கிளவுஸ் போட்டால் லேட்டக்ஸ் ஊறித் தளர்ந்துவிடும். தலைக்கு எண்ணெய் வைத்த கையே போதும். எண்ணெயை லேட்டக்ஸை விட நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கிளவுஸ் நன்றாகத் தாங்கும். கை வெடிப்புக்கு எண்ணெய் ராத்திரி வீட்டில் தடவிக்கொள்ளலாம். கையில் ஹேண்ட் ரப் காயாமல் ஈரத்தோடு போட்டாலும் ஒட்டிக்கொண்டு கிழியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே பெட்டியில் நாலில் ஒன்று கிழிந்தால் பேட்ச் எண்ணைக் குறித்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள். பெட்டியைக் கிழித்துத் தூரப் போட்டுவிட்டுக் கடைக்காரரோடு வாதாடிப் பயனில்லை.

"ஊசி போட்ட இடம் கட்டிக்கிட்டு வருது"

ஒருவருக்கு வந்தால் அது அவருடைய உடம்பு விஷயமாக இருக்கலாம். ஒரே வாரத்தில் இரண்டாவது ஆள் வந்தால் அது கிளினிக் விஷயம். உடனே டாக்டரிடம் சொல்லி, அந்த அறையில் திறந்திருக்கும் சாமானையெல்லாம் நிறுத்தி வையுங்கள். தூக்கி எறிந்துவிடாதீர்கள், லேபில் சோதிக்க அதுதான் சாட்சி.

முதல் சந்தேகம் ஸ்பிரிட் பஞ்சுக் கிண்ணம். காலையில் பஞ்சை உருட்டி, ஸ்டீல் கிண்ணத்தில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, நாள் முழுக்கத் திறந்தும் மூடியும் எடுப்பது நம் பக்கம் ஊறிப்போன வழக்கம். ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே போகும், பஞ்சில் தண்ணீர்தான் மிஞ்சும். எடுக்கிற விரல் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஏதாவது விட்டுவிட்டுப் போகும். சாயங்காலத்தில் அந்தக் கிண்ணம் கிருமிக்குப் பந்தி. உலர்ந்த பஞ்சு ஒரு மூடிய டப்பாவில், ஸ்பிரிட் ஒரு சின்னப் பாட்டிலில், வேண்டும்போது நனைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒற்றை ஸ்வாப் பாக்கெட். ஸ்பிரிட் 60 முதல் 70 சதவீதம் இருந்தால் போதும். இன்னும் காட்டமாக இருந்தால் நல்லது என்று நினைப்பது தப்பு. கிருமியின் புரதத்தை உறைய வைக்கத் தண்ணீரும் வேண்டும்.

இரண்டாவது, சேவ்லான் ஜாடியில் நிற்கும் இடுக்கி. எல்லாச் சாமானையும் "சுத்தமாக" எடுக்க அந்த ஒரு இடுக்கியைத்தான் நம்புவார்கள். ஜாடியில் சேவ்லானை என்றைக்கு மாற்றினார்கள் என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்பார்கள். நீர்த்த ஆன்டிசெப்டிக்கிலேயே குடியிருக்கும் கிருமிகள் உண்டு. சூடோமோனாஸ் அதில் பேர்போனது. ஜாடியை எடுத்துவிடுங்கள். டிரெஸ்ஸிங்குக்கு ஒரு செட், கட்டி முடிந்ததும் அது கழுவப் போக வேண்டும்.

மூன்றாவது, பல பேருக்கு எடுக்கும் மருந்துக் குப்பி. ரப்பர் மூடியில் ஒரு நீடிலைக் குத்தியே வைத்திருந்தால் அந்தக் குப்பி வாயைத் திறந்து தூங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்த தேதியை எழுத வேண்டும். கம்பெனி வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, 28 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. பவுடர் மருந்தைக் கரைக்கப் பெரிய சலைன் பாட்டிலையே பொதுக்கிணறு மாதிரி வைத்திருக்கும் இடமும் உண்டு. அதை இன்றே நிறுத்துங்கள்.

ஊசி போட்டு ஓரிரு நாளில் கட்டி வந்தால் சாதாரணச் சீழ்க்கிருமி. மூன்று நாலு வாரம் கழித்து, காய்ச்சல் இல்லாமல், மெதுவாக வந்து, வழக்கமான மாத்திரைக்கு அடங்காமல் இருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரக் கிருமிகள் சில, குழாய்த் தண்ணீரில் சுகமாக வாழ்கின்றன. ஊசிச் சாமானை எங்கேயாவது குழாய்த் தண்ணீரில் அலசுகிறார்களா என்று பாருங்கள். இதில் சாமான்காரர் வேலை எது திறந்திருந்தது, என்றைக்குத் திறந்தது என்று எழுதிக் கொடுப்பது. மருந்து டாக்டர் பாடு.

"ஹைப்போ ஊத்தியும் ஒண்ணும் ஆகலை"

ரத்தக் கறை வெளுக்கவில்லை, நெடியும் இல்லை என்றால் மூன்று காரணம்தான். சரக்கு செத்துவிட்டது, தண்ணீர் கூடிவிட்டது, அழுக்கு மேலேயே ஊற்றுகிறீர்கள்.

சோடியம் ஹைப்போகுளோரைட் தன்னால் சாகும் சரக்கு. வெயிலும் சூடும் பட்டால் வேகமாகச் சாகும். வெள்ளைக் கேனில் வாங்கி மொட்டைமாடிப் படிக்குக் கீழே வைத்தால், அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் உள்ளே இருப்பதில் நல்ல பங்கு உப்புத் தண்ணீர். பெரிய கேன் மலிவு என்று வாங்காதீர்கள். ஒரு மாதத்தில் தீரும் அளவு வாங்கி, இருட்டான இடத்தில் மூடி வையுங்கள். கலந்து வைத்தது அன்றைக்கு மட்டும். மறுநாள் காலை கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான்: புதிதாக இருக்கும்போது 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும், மூட்டை வாயைத் திறந்துபோட்டால் சீக்கிரம் வெறும் சுண்ணாம்பு.

கலக்கும் கணக்கு எளிது. கேனில் இருக்கும் சதவீதத்தை, வேண்டிய சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். அத்தனை பங்கு தண்ணீர். 5 சதவீதக் கேனிலிருந்து 1 சதவீதம் வேண்டுமென்றால் ஐந்தில் ஒன்று போக நாலு, ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணீர். 0.5 சதவீதத்துக்கு ஒன்பது டம்ளர். ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊரில் 1 சதவீதம்தான் வழக்கம். மேசை, கட்டில் துடைக்க 0.1 போதும். கேன் மாறினால் லேபிளை மறுபடி பார்க்க வேண்டும். போன தடவை 5, இந்தத் தடவை 10 என்று வந்திருக்கும். டம்ளர் மட்டும் அதே டம்ளர்.

ரத்தம் குளமாகக் கிடந்தால் முதலில் பஞ்சாலோ பழைய துணியாலோ உறிஞ்சி எடுத்து மஞ்சள் பையில் போட்டுவிட்டு, அப்புறம் ஹைப்போ. ஊற்றிய உடனே துடைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். ரத்தத்தின் மேலேயே ஊற்றினால் குளோரின் ரத்தத்தோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. காய்ந்த ரத்தத் துளியிலும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் குறைந்தது ஏழு நாள் இருக்கக்கூடியது என்பதால் இதில் அலட்சியம் ஆகாது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு ஹைப்போவைக் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கத்தரி, இடுக்கியை ஹைப்போவில் ஊறப்போட்டுவிட்டு "துருப்பிடிக்குது, மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுவதும் நியாயமில்லை.

"டேப் கறுத்துட்டு, ஆனா பேக் ஈரமா இருக்கு"

டேப்பில் கோடு கறுப்பது, துணியில் சுற்றிக் கட்டிய அந்தச் சாமான் பேக் ஆட்டோகிளேவுக்குள் போய் சூட்டைப் பார்த்துவிட்டு வந்ததற்கு அடையாளம். பஸ்ஸில் ஏறினதற்கு டிக்கெட் மாதிரி. ஊர் போய்ச் சேர்ந்ததற்கு இல்லை. சேர்ந்ததா என்று பார்க்க பேக்குக்குள் வைக்கும் இண்டிகேட்டரும், வாரம் ஒரு தரம் கிருமி வித்து செத்ததா என்று பார்க்கும் சோதனையும் வேண்டும்.

ஈரமாக வந்த பேக் சுத்தமான பேக் இல்லை. ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போகும். அதை வெயிலில் காயப்போட்டு எடுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கூடாது, மறுபடி கட்டி மறுபடி போட வேண்டும். காரணம் பெரும்பாலும் திணிப்பு. கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு லோடை ஒன்றாக அடைப்பார்கள். அல்லது பிரஷர் இறங்கியதும் உடனே மூடியைத் திறந்து, பேக்கை அள்ளி குளிர்ந்த கடப்பைக்கல் மேல் வைப்பார்கள். இட்லித் துணி மாதிரி வேர்த்துவிடும். மூடியைக் கொஞ்சம் திறந்து அரைமணி விட்டு எடுக்கலாம்.

துணிக்குப் பதில் துளையுள்ள உலோக டிரம் உபயோகிக்கிறவர்கள் பக்கவாட்டுத் துளையைப் பாருங்கள். உள்ளே போகும்போது திறந்திருக்க வேண்டும், வெளியே வந்ததும் மூட வேண்டும். துளையை மூடியபடியே போட்டால் டிரம்முக்குள் காற்று அடைந்து, நீராவி நுழையாது. வெளியே ஒட்டிய டேப் அப்போதும் அழகாகக் கறுக்கும். சுற்றிய பேக்குக்கு 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம். பிரஷர் முள் அங்கே போன பிறகுதான் மணியைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், சுவிட்ச் போட்டதிலிருந்து இல்லை.

முள் ஏறவே நேரமாகிறது, ஹீட்டர் அடிக்கடி போகிறது என்றால் தண்ணீர். கடற்கரைப் பக்கம் உப்புப் போர் உள்ள ஊர்களில் ஆறு மாதத்தில் உள்ளே வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, இதற்கு அதுவும் வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டர் கேனையும் சாமான் பட்டியலில் சேருங்கள். மெக்கானிக் கூலியை விடக் குறைவுதான்.

"ஊசி டப்பா நிரம்பி வழியுது, வண்டி வரலை"

கழிவு அள்ளும் வண்டி வராதது ஒரு பக்கம். டப்பா சீக்கிரம் நிரம்புவது இன்னொரு பக்கம். அதைத்தான் முதலில் பார்ப்பேன். வெள்ளை டப்பாவுக்குள் நீடில், பிளேடு மட்டும்தான். சிரிஞ்சோடு சேர்த்துப் போட்டால் நாலு நாளில் நிரம்பும். நீடிலைக் கட்டரில் வெட்டிவிட்டு, சிரிஞ்ச் சிவப்புப் பைக்கு, கிளவுஸும் சிவப்புக்கு, ரத்தப் பஞ்சு, மாஸ்க், காலாவதி மருந்து மஞ்சளுக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். பைகளின் செலவும் ஒரு அறிகுறிதான்: மஞ்சள் மட்டும் ஓடி, சிவப்பு அப்படியே இருந்தால் எல்லாவற்றையும் மஞ்சளில் கொட்டுகிறார்கள்.

2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு, துணி மாதிரியான கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் கிளினிக்கில் வைக்கக் கூடாது. வைக்க நேர்ந்தால் காரணத்தோடு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி வராத தேதியை நோட்டில் எழுதி, போனோடு நிறுத்தாமல் எழுத்தில் அனுப்புங்கள். "ரோட்டுக் குப்பையோடு போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் 2024 டிசம்பரை நினைவுபடுத்துங்கள். கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைத் திருநெல்வேலியை ஒட்டிய நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டியதற்கு நாம் எப்படிக் கொதித்தோம்! பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். அந்தக் குப்பைக்குள் கிடந்த சீட்டுகளை வைத்துத்தான் எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்தது.

"அலமாரியில் பூசணவாடை"

தென்காசிப் பக்கம் என்றால் சாரல் காலம், கிழக்கே என்றால் ஐப்பசி கார்த்திகை. அட்டைப்பெட்டியோடு தரையில் வைத்திருப்பீர்கள். தரையிலிருந்து 20, 25 செ.மீ. உயரம், வெளிச்சுவரிலிருந்து 5 செ.மீ. இடைவெளி வேண்டும். லாரியில் வந்த வெளி அட்டையை ஸ்டோருக்குள் கொண்டுவரவே கூடாது. கரப்பானும் ஈரமும் அதில்தான் வரும். ஈரம் பட்ட ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) பாக்கெட் காய்ந்தாலும் ஸ்டெரைல் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தண்ணீர் ஏறிய இடங்களில், மூன்றாம் தட்டில் இருந்தது மட்டும்தான் தேறியது. அதிலிருந்து ஒரு வாரச் சாமானை எப்போதும் மேல்தட்டில் தனியாக வைக்கச் சொல்கிறேன். கிளவுஸ் மட்டும் அதில் வேண்டாம், கூரைச் சூட்டுக்கு ஆகாது. நடுத்தட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

"நோட்டில் இருக்கு, அலமாரியில் இல்லை"

திருட்டு என்று முதலில் நினைக்காதீர்கள். பக்கத்துக் கிளினிக்குக் கைமாற்றாகப் போயிருக்கும். டாக்டர் வீட்டுக்கு ஒரு பாட்டில் போயிருக்கும். அவசரத்தில் எடுத்தவர் "அப்புறம் எழுதிக்கிடலாம்" என்று விட்டிருப்பார். நோட்டை அலமாரிக் கதவிலேயே பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். கைமாற்றுக்குத் தனிப் பக்கம்.

அலமாரியில் இருந்தும் காலாவதி ஆகிக் கிடந்தால், புதுப் பெட்டியை முன்னால் வைத்துப் பழசைப் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள். முதலில் காலாவதி ஆவது முதலில் வெளியே போக வேண்டும்; வந்த வரிசை முக்கியமில்லை. கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த என்95 மாஸ்க் இன்னும் பல இடங்களில் கிடக்கிறது. காசநோய் சந்தேகமுள்ளவர் வந்து இருமும்போதுதான் அதைத் தேடி எடுப்பார்கள். தேதி போனதை எடுத்து எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இற்று அறுந்து கையோடு வந்துவிடும். அதைக் கழித்துவிட்டு, புதிதாக ஒரே ஒரு பெட்டி வாங்கி, காசநோய் ஓ.பி. எத்தனை என்று நோட்டைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒத்துப்பாருங்கள்.